போன் கேட்டது, மாதையன் சரி என்றான்

மாதையனுக்கு "மாட்டேன்" என்ற சொல் வாயில் வராது. திக்குவாய் கிடையாது, பயந்த சுபாவமும் கிடையாது. யார் எதைக் கேட்டாலும், மனம் யோசிக்கத் தொடங்குவதற்குள் வாய் "சரி" என்று சொல்லி முடித்துவிடும். அப்புறம்தான் பாவம், என்ன கேட்டார்கள் என்று யோசிப்பான்.

நான் ஆனந்தி. ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிறேன். இந்த மலையில் யாருடைய போன் கீழே விழுந்தாலும், கஞ்சியில் விழுந்தாலும், ஆடு மிதித்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். வரும்போதே கூடவே ஒரு வசனமும் வரும்: "அக்கா, நான் ஒண்ணுமே பண்ணல." கண்ணாடி சுக்குநூறாக இருக்கும், உள்ளே கேழ்வரகு மாவு இருக்கும், ஆனால் ஒண்ணுமே பண்ணவில்லை. கடை வைத்த நாளிலிருந்து "நான்தான் பண்ணேன்" என்று ஒரு வாயாவது சொல்லி நான் கேட்டதில்லை. அந்த "ஒண்ணுமே பண்ணல"வைக் கேட்டு எனக்குக் கோபம் வராத நாளும் இல்லை.

மாதையன் எங்கள் ஊருக்கும் காவலூருக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறான். கை காட்டினால் நிற்பான். கை காட்டாமல் சும்மா தலையைச் சொறிந்தாலும் நிற்பான். "ஆடு ஏத்திக்கலாமா?" என்று ஒருத்தர் கேட்டார், சரி என்றான். ஆடு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. மாதையன் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு மலைவளைவெல்லாம் ஓட்டினான். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் சரி. இரண்டு கல்யாணப் படத்திலும் ஒரே மாலையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான். கீழே திருப்பத்தூரிலிருந்து ஒருவன் வெந்நீர் ஹீட்டர் விற்க வந்தான். மாதையன் வீட்டில் குழாயே கிடையாது. இருந்தாலும் அந்த ஹீட்டர் இன்று அவன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, ஆயுத பூஜைக்கு அவன் அம்மா அதற்குப் பொட்டு வைக்கிறாள்.

இப்படிப்பட்டவனைப் போய் அம்சவல்லிக்குப் பிடித்துவிட்டது. காவலூரில் தையல் கடை வைத்திருக்கிற பெண். யாரோ ஒரு கிழவர் ஜீப்பில் மறந்துவிட்டுப் போன செருப்பைத் திருப்பிக் கொடுக்க, இவன் வந்த வழியே மறுபடி போனதை அவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளாம். வீட்டிலும் பேசி, பரிசம் போட நாளும் குறித்தாகிவிட்டது.

ஆனால் அம்சவல்லி விவரமானவள். போனுக்கு உறை வாங்க என் கடைக்கு வந்தபோது, அவனை என் எதிரிலேயே நிற்கவைத்துச் சொன்னாள்.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்குது. மறைக்கல. ஆனா வேணாம்னு சொல்லத் தெரியாத ஆளோட எப்படிங்க குடும்பம் நடத்துறது? நாளைக்கு நம்ம வூட்டுக் கதவு நல்லாருக்குதுன்னு ஒருத்தன் கேட்டா, கழட்டிக் குடுத்துட்டு வந்து நிப்பீங்க. பரிசம் போடறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, யாருகிட்டயாவது, மாட்டேன்னு சொல்லிட்டு வாங்க. இல்லாட்டி நா மாட்டேன்னு சொல்லிடுவேன். எனக்கு அது நல்லா வரும்."

"சரி" என்றான் மாதையன்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த நாளே பயிற்சிக்கு வந்துவிட்டான். "அக்கா, எதுனா கேளு. மாட்டேன்னு சொல்லிப் பாக்குறேன்."

"போய் எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வா" என்றேன்.

போய் வாங்கிக்கொண்டு வந்தான். சர்க்கரை கம்மியாக, கூடவே ஒரு வடையும். கொடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். எனக்கே பாவமாக இருந்தது. வடையைப் பாதி பிய்த்துக் கொடுத்தேன். அதையும் சரி என்று வாங்கிக்கொண்டான்.

பரிசம் நெருங்கிவிட்ட சமயத்தில்தான் மாதையன் போனுக்கு ஒரு பத்திரிகை வந்தது. கலசப்பாக்கத்தில் புளி வாங்குகிற வியாபாரி ஒருவரின் எண்ணிலிருந்து, "எங்கள் இல்லத் திருமணம், குடும்பத்துடன் வருக" என்ற வாசகத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு. அது பத்திரிகையே இல்லை. பத்திரிகை வேஷம் போட்டுக்கொண்டு வந்த வைரஸ் ஆப். திறந்தால் போனுக்குள் குடியேறி, அதிலிருக்கிற அத்தனை எண்களுக்கும் தன்னையே அனுப்பிவிடும்.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. தாம்பூலத் தட்டோடு யாராவது அழைக்க வந்தால், பகையாளியாக இருந்தாலும் தட்டைத் தொட்டு வெற்றிலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காமல் விட்டால் அவர்கள் முகத்தில் அடித்த மாதிரி. வந்த பத்திரிகையைத் திறக்காமல் வைத்திருப்பது மாதையனுக்கு அப்படித்தான் பட்டது. விரலை வைத்தான்.

போன் சும்மா விடவில்லை. நல்ல பிள்ளையாகக் கேட்டது. "இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது, உள்ளே விடலாமா?" சரி. "உன் போனில் இருக்கிற எண்களை எல்லாம் இது பார்க்கலாமா?" சரி. "உன் பெயரில் இது செய்தி அனுப்பலாமா?" அதற்கும் சரி. எல்லாம் இங்கிலீஷில் கேட்டது, அவன் தமிழில் தலையாட்டினான். திரையில் ஒன்றும் வரவில்லை. டவர் இல்லை போலிருக்கிறது என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

காவலூர் போய்ச் சேருவதற்குள் மலை முழுக்க மாதையன் பெயரில் கல்யாணப் பத்திரிகை போயிருந்தது. அவனுக்குத்தான் பரிசம் என்று ஊருக்கே தெரியுமே, யார் சந்தேகப்படுவார்கள்? எல்லோரும் திறந்தார்கள். எல்லோருடைய போனும் கேட்டது. எல்லோரும் சரி என்றார்கள். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் எல்லோருடைய கல்யாணத்துக்கும் அழைப்பு வந்துவிட்டது. மூன்று பிள்ளை பெற்ற மங்கம்மாளின் கல்யாணத்துக்கு அவள் புருசனுக்கே பத்திரிகை வந்தது. அந்த மனிதர் சாமை அறுக்கிற இடத்துக்கே ஓடிப்போய், "மாப்பிள்ளை யாருடி?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊர் நாட்டாமை சந்திரன், பேரன் எடுத்தவர். அவருடைய கல்யாணத்துக்கு அவர் மனைவியைக் குடும்பத்துடன் வரச் சொல்லி அழைப்பு. அந்த அம்மாள் அரிவாள்மனையை எதற்கோ தேடிக்கொண்டிருந்தாள் என்று கேள்வி.

கொள்ளை கொள்ளையாய்ப் போன்கள் என் கடைக்கு வந்து இறங்கின. "அக்கா, நா ஒண்ணுமே பண்ணல." "நா தொடவே இல்ல, அதுவா தொறந்துக்கிச்சி." "எம் பையன் தொட்டான்." அந்தப் பையன் ஓசூரில் வேலை பார்க்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது.

இதற்கு நடுவில் அம்சவல்லியின் அப்பா குப்பனுக்கும் பத்திரிகை போயிருக்கிறது. இன்னும் பரிசமே போடவில்லை. அதற்குள் கல்யாணப் பத்திரிகையா? ஒன்று, பெண் வீட்டைக் கேட்காமல் அடித்திருக்கிறான். இல்லை, வேறு பெண்ணோடு கல்யாணம். இரண்டில் எது என்றாலும் குப்பனுக்கு மானப் பிரச்சினை. மகளை இழுத்துக்கொண்டு நியாயம் கேட்கக் கிளம்பிவிட்டார். ஜமுனாமரத்தூர் வர அந்நேரத்துக்கு ஒரே ஒரு வண்டிதான். மாதையன் ஜீப்.

மாதையனோடு சண்டை போட மாதையன் ஜீப்பிலேயே ஏறி, வழி முழுக்க வாயே திறக்காமல், முறைத்த கண் முறைத்தபடி வந்தார் அந்த மனிதர். இவனோ மாமனாருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டியிருக்கிறான். இறங்கியதும்தான் குப்பன் வெடித்தார்.

"பஞ்சாயத்து வை. தப்பு உம் மேலன்னா சம்பந்தம் இன்னியோட முறிஞ்சிது. எம் பொண்ண மறந்துடு."

"சரிங்க மாமா" என்றான் மாதையன்.

அடப்பாவி, அதற்கும் சரியா?

என் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற பலா மரத்தடியில் கூட்டம் கூடியது. நாட்டாமை நடுவில் உட்கார்ந்தார். மாதையனின் போனை ஒரு ஸ்டூலின் மேல் வைத்தார்கள். அம்சவல்லி கூட்டத்தின் ஓரத்தில் தனியாக நின்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. நேற்றுவரை இந்தப் பக்கம் வந்தாலே சிரித்துக்கொண்டு வருகிறவள்.

அதே ஜீப்பில் கோபால்சாமியும் வந்து இறங்கியிருந்தார். காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிற இடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. நான் என்ன சொன்னாலும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு "அப்படி இல்லைங்க ஆனந்தி" என்பார்.

"தப்பு இவரு மேல இல்லீங்க" என்று ஆரம்பித்தார். "போனை உள்ள இருந்து ஒண்ணு நடத்துது. ஆபரேட்டிங் சிஸ்டம்னு பேரு. கண்டதை உள்ள வுடாம பாத்துக்கறது அதோட வேலை. அது சரியா வேலை செய்யல. தப்பு அது மேலதான்."

"உள்ள கீறவன் எந்த ஊரு?" என்று கேட்டார் நாட்டாமை.

"வெளிநாடுங்க."

"வரச் சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க."

"அப்ப அவன் சார்பா போனு நிக்கட்டும்" என்று நாட்டாமை வெற்றிலையை மடித்தார்.

நான் விடுவேனா? எழுந்து நின்றேன். "உள்ள இருக்கறது ஒழுங்காத்தான் கேட்டுச்சி. வுடட்டுமா, வுடட்டுமான்னு திருப்பித் திருப்பிக் கேட்டுச்சி. சரின்னது இவன் விரலு. எல்லாத்தையும் அமுக்கிட்டு வந்து போனு மேல பழி போடறதே உங்களுக்கெல்லாம் பொழப்பா போச்சி."

"அப்படி இல்லைங்க ஆனந்தி. சரிங்கறதப் பெருசா, பளிச்சுனு வச்சிருக்கான். வேணாங்கறதப் பொடி எழுத்துல, சாம்பல் கலர்ல வச்சிருக்கான். மனுசன் எதை அமுக்குவான்?"

"கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடட்டும்."

"இங்கிலீஷ்ல கேக்குறான்."

"புரியலைன்னா அமுக்காம இருக்கட்டும்."

நாட்டாமை கையை உயர்த்தினார். "நம்ம மலையில வழக்கு இன்னா? கட்டி வச்ச வேலிய ஒடைச்சிக்கினு மாடு மேஞ்சா மாட்டுக்காரன் தப்பு. படலைச் சாத்தாம வுட்டா நிலத்துக்காரன் தப்பு. இங்க படல் சாத்தியிருந்துச்சா, இல்லியா?"

"சாத்தித்தான் இருந்துச்சி. இவன் தொறந்து வுட்டான்" என்றேன்.

"படலே வாயத் தொறந்து தொறக்கட்டுமான்னு கேட்டுச்சிங்க" என்றார் கோபால்சாமி.

நாட்டாமை மடித்த வெற்றிலையைத் திரும்பப் பிரித்தார். பேசுகிற படல் அவர் காலத்தில் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் கடைக்குள்ளிருந்து டிங் என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. மேஜை மேல் குவிந்து கிடந்த போன்கள் ஒன்றையொன்று கல்யாணத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தன. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் போன் இல்லை என்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்தார்கள். நாட்டாமையின் இடுப்பிலும் ஒன்று அடித்தது. பின்னாலிருந்து அவர் மனைவி தொண்டையைச் செருமினாள். கடைசியாகக் கோபால்சாமியின் சட்டைப் பையிலும் அடித்தது.

"நா டெஸ்ட் பண்ணத்தான் தொறந்தேன்" என்றார் கோபால்சாமி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உங்க போனு இன்னாச்சி?" என்று கோபால்சாமி திருப்பிக் கேட்டார். என்னுடையது பட்டன் போன். அதில் கூப்பிடலாம், பேசலாம், பாம்பு விளையாட்டு ஆடலாம். செல்போன் கடைக்காரி பட்டன் போன் வைத்திருப்பதைச் சொல்லிச் சொல்லி ஊரே கேலி செய்யும். அன்றைக்கு ஒரு பயலும் கேலி செய்யவில்லை.

இதற்குப் பிறகு வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா? திறந்தவன் தப்பு என்று தீர்ப்புச் சொன்னால் நாட்டாமை தப்பு, மங்கம்மாள் தப்பு, மரத்தடியில் இருக்கிற மொத்த ஜனமும் தப்பு. குப்பனும் திறந்திருந்தார், அவருடைய கல்யாணத்துக்கும் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். திடீரென்று எல்லோருக்கும் அந்த வெளிநாட்டுக்காரன் மேல் ஆத்திரம் வந்துவிட்டது. "அவன் கேட்டே இருக்கக் கூடாது." "நல்லவனா இருந்தா ஏன் கேக்கறான்?" "எல்லாம் அவன் வேலை."

நாட்டாமை எழுந்தார். "தப்பு போனு மேலதான். அமாவாசை வரைக்கும் அத்தக் கேழ்வரகுப் பானைக்குள்ள போட்டு மூடி வையுங்க. சம்பந்தம் நிக்கிது. குப்பா, சரியா?"

"சரிங்க" என்றார் குப்பன், போனைத் திட்டிக்கொண்டே.

"மாதையா, தப்பு போனு மேல. சரியா?"

இனி அவன் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற அந்த ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால் பரிசம், கல்யாணம், எல்லாம் வந்துவிடும். கூட்டம் துண்டை உதறிக்கொண்டு கிளம்பத் தொடங்கிவிட்டது. மாதையன் வாய் சரி என்று சொல்லத் திறந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அவன் ஸ்டூலின் மேல் இருந்த போனைப் பார்த்தான். அப்புறம் அம்சவல்லியைப் பார்த்தான்.

"இல்லீங்க" என்றான்.

உதறின துண்டுகள் அப்படியே நின்றன.

"இன்னாடா இல்ல?"

"சரின்னு சொல்ல மாட்டேங்க." ஸ்டூலிலிருந்து போனை எடுத்துக்கொண்டான். "போனு கேட்டுச்சி. நாந்தான் பண்ணேன். இன்னா கேக்குதுன்னு பாக்கவே இல்ல. கேட்டா சரிங்கறது எம் பழக்கம். அதுக்கு அது இன்னா பண்ணும்? செய்யாத தப்புக்கு அத்தப் பானையில போட வேணாம்."

"நாந்தான் பண்ணேன்." சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு வாய் அதைச் சொல்லிக் கேட்டேன்.

குப்பன் விறைத்துக்கொண்டு எழுந்தார். பேச்சு பேச்சுதான் அவருக்கு. "அவனே ஒத்துக்கிட்டான். தப்பு அவன் மேல. சம்பந்தம் முறிஞ்சிது. வாம்மா போவலாம்."

"உக்காருப்பா" என்றாள் அம்சவல்லி.

"இன்னா?"

"உக்காரு. நா வர மாட்டேன். எனக்கு இவரு போதும்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்து கேட்டேன். "அம்சா, உன் போனு எங்க? நீ தொறக்கலியா?"

"நா எதுக்குக்கா தொறக்கணும்? பத்திரிகைன்னா வூட்டுக்கு வந்து தட்டு வச்சிக் கூப்புடணும். வாசலுக்கே வராதவன் குடுக்கற வெத்திலைய நா ஏன் எடுக்கணும்?" என்றாள். சொல்லிவிட்டு மாதையனைப் பார்த்தாள். "அப்ப மாட்டேன்னு சொல்லிட்டீங்க."

"ஆமா" என்றான் அவன். தன் வாயை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

குப்பன் முறைத்தார், நின்றார், கடைசியில் உட்கார்ந்தார். காவலூர் திரும்பிப் போகவும் மாதையன் ஜீப்தான், வேறு வழி என்ன இருக்கிறது?

கோபால்சாமிக்கும் எனக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை. "தீர்ப்புல போனு தானே மாட்டிச்சி" என்பார். "ஒத்துக்கிட்டது ஆளுதானே" என்பேன். அவர் போனைச் சுத்தம் செய்து கொடுத்தது நான்தான் என்பதை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்.

மாதையனுக்குத்தான் ருசி கண்ட மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் மாட்டேன். ஆடு ஏற்றலாமா? மாட்டேன். அடுத்த வளைவில் இறக்கிவிடப்பா? மாட்டேன். டீ வாங்கிட்டு வாடா? மாட்டேன். ஊரே என்னைத் திட்டியது, நான்தான் அவனுக்குப் பயிற்சி கொடுத்தேனாம். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் போடச் சொன்னவர்களுக்கும் மாட்டேன்தான். அம்சவல்லியும் அவனும் வீடு வீடாகத் தட்டோடு போய் அழைத்தார்கள்.

கல்யாணத்தன்று கூட்டம் தாங்கவில்லை. தாலியைக் கையில் கொடுத்துவிட்டுப் பூசாரி கேட்டார்: "கட்டலாமா?"

மாதையன் வாயைத் திறந்தான், மூடினான். குப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டார். இந்தப் பாவி இப்போது போய் மாட்டேன் என்று சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது?

அம்சவல்லி தலை நிமிராமல் மெதுவாகச் சொன்னாள். "பாத்துட்டு சொல்லுங்க. அவசரமில்ல."

அவன் பார்த்தான். தாலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்ன கேட்கிறார்கள் என்பதை முழுசாகப் புரிந்துகொண்டான்.

"சரி" என்றான்.